நாலடி ஈரம்

கையில் கற்பூரம் ஏற்றிச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே கொட்டட்டும். 2003, மே மாதம் நான்காம் தேதி, அக்னி நட்சத்திரம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் அன்று அரியலூரின் அந்தப் பழைய காய்கறி மார்க்கெட்டுக்குள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

குருநாதன் கட்டடப் படம் வரைகிறவன். மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்ட, திங்கட்கிழமை காலைக்குள் படம் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத இடம் அது. அந்தத் தெருவில் வண்டி நெரிசல் கூடியது; சனமெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்கப் பழகிவிட்டது. பாதிக் கடை மேடைகளில் ஆடுதான் படுத்துக் கிடந்தது. படத்தில் இல்லாதவருக்குப் புது மார்க்கெட்டில் இடம் கிடையாது. இஞ்சினியர் அன்பழகன் கறாராகச் சொல்லியிருந்தார்.

“நாப்பத்தாறு கடை. ஒண்ணு கூடுனாலும் நீ வேற வேல பாத்துக்க.”

குருநாதனுக்கு வீட்டிலும் ஆள் இல்லை. மனைவி இலக்கியா கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள். அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கும் சாமிக்கண்ணுவும் பாடாலூரில் கல்யாணம் என்று போய்விட்டான். ஆகவே குருநாதனே முனையிலிருக்கும் வளையத்தின் மேல் ஒரு கல்லை வைப்பான், நடப்பான், இழுப்பான். கல் உருளும், வளையம் கூடவே வரும். திரும்பப் போய் வைப்பான். காலையிலிருந்து அவன் பேசியது அந்தக் கல்லோடு மட்டும்தான்.

பகல் 12.10. கல் உருளவில்லை.

டேப் விறைப்பாக நின்றது. பழகின ஆள் பிடித்தது போல. அடுத்த மேடை, அதற்கடுத்த மேடை... அவன் நகர நகர மறுமுனையும் நகர்ந்தது. பிடிப்பவரைத் தூண் மறைத்தது. சாமிக்கண்ணு திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தான். மனசுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

“கல்யாணச் சாப்பாடு பலமா?”



சளக்... தண்ணீர் தெளிக்கும் சத்தம்.

12.25. நாற்பத்தாறாவது மேடையும் முடிந்தது. டேப்பைச் சுற்றினான். வரவில்லை. இழுத்தான்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

“கொஞ்சம் வுடுங்க,” என்றான். ஏன் மரியாதை கொடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

சரசரவென்று வந்த டேப், நாலடி மிச்சமிருக்கையில் நின்றது. தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

யாருமில்லை. தூணுக்கும் சுவருக்கும் நடுவே, படத்தில் வராத ஒரு மூலை. நாலடிக்குத் தரை நனைந்திருந்தது. அந்த வெயிலில்... ஒரு பொட்டுக்கூடக் காயாமல்.

வளையத்தில் வாழைநார். கீரைக்கட்டுக்குப் போடும் முடிச்சு.

12.40.

சளக்...

காலுக்குப் பக்கத்தில்.

டேப்பை வாரிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் படத்தில் நாற்பத்தேழு கடை இருந்தது. அன்பழகன் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னடா இது?”

“அளவுல வந்துருச்சு சார்.”

முடிச்சோடு வளையத்தைக் காட்டினான். இருவரும் மார்க்கெட்டுக்கே போய் விசாரித்தார்கள். வாசலில் சாக்கு விரித்துத் தக்காளி விற்கும் மலர்க்கொடிக்கு மட்டும்தான் அந்த மூலை ஞாபகம் இருந்தது. படத்தில் இடமில்லாதவள் அவள்.

“கலியம்மா உக்காந்த எடங்க. நாளெல்லாம் கீரைக்குத் தண்ணி தெளிச்சிகிட்டே இருக்கும். வாங்க ஆளு வரலன்னாலும் தெளிக்கும். செத்து மூணு வருசம் ஆச்சுங்க.”

அன்பழகன் கண்ணாடியை மாட்டினார். கையெழுத்துப் போட்டார். குருநாதன் வேலை தப்பியது.

2005இல் புது மார்க்கெட் திறந்தது. அந்த மூலையை அறிந்தவள் என்று நாற்பத்தேழாவது கடையை மலர்க்கொடிக்கே ஒதுக்கினார்கள். எவ்வளவு துடைத்தாலும் அங்கே தரை காய்வதில்லை என்று அவள் சொல்கிறாள்.

மலர்க்கொடி, குருநாதன் மனைவி இலக்கியாவைப் பெற்ற தாய்.