சிவப்பு வயரில் இணைத்தது நான்தான்

கலியபெருமாள் என்ற ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருடைய வேலையைப் பறித்தவன் நான். நான்கு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையில், கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சாவியைத் திருப்பும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு 'டிக்' என்றால் ஸ்டார்ட்டர். 'டிக் டிக் டிக்' என்று துடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. தற்பெருமை என்று நினைக்காதீர்கள்; என்னிடம் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

அந்தத் தன்னம்பிக்கையின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேனா? கூடாது...

நான்கு தெரு தள்ளி ஒரு கல்லூரிப் பேராசிரியை இருக்கிறார். அவருக்குக் கார் ஓட்டியவர்தான் கலியபெருமாள். பாகூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தொடர்ந்து மூன்று திங்கட்கிழமைகள் அந்தக் கார் கிளம்பவில்லை. மூன்றாவது திங்கள், மேடம் தேர்வு மேற்பார்வைக்குப் போக வேண்டிய நாள். கோபத்தில் அவர் முகம் சிவந்திருந்தது.

கூப்பிட்டதும் போய், வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பினேன். என்ஜின் ஓடும்போது மீட்டர் பதினான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆக, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் குறையில்லை. பேட்டரியும் புதிது. அப்படியானால் கார் சும்மா நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுக்கிறது. இதுவரை நான் சொன்னதெல்லாம் சரி!

அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? பேட்டரிக் கம்பியைக் கழற்றி, நடுவே மீட்டரைக் கோத்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. கடையில் நான்கு வண்டிகள் காத்திருந்தன. நான் செய்யவில்லை.

"உள் லைட்ட அணைக்காம உட்டுட்டுப் போறாங்க மேடம். ரெண்டு நாள் எரிஞ்சா பேட்டரி எப்படித் தாங்கும்?" என்றேன்.

மேடம் திரும்பி ஓட்டுநரைப் பார்த்தார்.

"இல்லீங்க மேடம், எல்லாத்தயும் அணைச்சிட்டுதான் சாவிய உங்க கையில குடுக்கறேன்" என்றார் கலியபெருமாள். பிறகு என்னிடம், "ண்ணா, இன்னொரு தபா பாத்துச் சொல்லுங்களேன்..."

"நான் பாத்தா பாத்ததுதான்" என்றேன்.

அந்த வாரமே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

அடுத்த திங்கட்கிழமையே கார் மறுபடியும் கிளம்பவில்லை. இப்போது ஓட்டியவர் மேடத்தின் தம்பி. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையை அன்றுதான் செய்தேன். கார் நின்றிருக்கும்போதே அரை ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. எந்த ஃப்யூஸைப் பிடுங்கியும் குறையவில்லை. அப்படியென்றால் ஃப்யூஸ் பெட்டிக்குள் போகாமல், பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் போகிறது...

அதைத் தடவிக்கொண்டே போனேன். இருக்கைக்கு அடியில் பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர். ஒரு மாதம் முன்பு நானே பொருத்தியது! சாவியை எடுத்தால் அணைய வேண்டிய இணைப்பை, எப்போதும் மின்சாரம் ஓடும் சிவப்பு வயரில் இணைத்திருந்தேன். தினமும் ஓடும் காரில் அது தெரியாது. சனி, ஞாயிறு நின்றால் பேட்டரி காலி.

பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். எவரும் பார்க்கவில்லை.

"என்னங்க ப்ராப்ளம்?" என்று கேட்டுக்கொண்டே மேடம் வந்தார்.

"பேட்டரி டெர்மினல் லூஸா இருந்துச்சு மேடம். டைட் பண்ணிட்டேன்."

அவர் சற்று யோசித்தார். "அப்போ கலியபெருமாள் மேல தப்பில்லையா? திரும்பக் கூப்பிட்டுடலாமா?"

கேட்டீர்களா அந்தக் கேள்வியை! 'கூப்பிடுங்க மேடம்' என்று சொன்னால் போதும். என் பெயரைக் கூடக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் திரும்பி வந்தால் என்றாவது ஒருநாள் உண்மை வெளிப்படுமே என்று அஞ்சினேன்.

"அவரும் லைட்ட உட்டுட்டுப் போயிருப்பாரு மேடம். ரெண்டும் சேந்துதான்."

முதலில் சொன்னதைக் கவனக்குறைவு என்று வாதாடலாம். இதை என்னவென்று சொல்வேன்? தெரிந்தே சொன்னேன்!

சென்ற ஆண்டு அவர் ஒரு லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு என் கடைக்கே வந்தார். வாடகை வண்டி, கிளம்புவதில் தகராறு. திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார்.

"இப்பல்லாம் வண்டிய நிறுத்துனா மூணு தபா சுத்தி வந்து பாக்கறேன்ணா. பாதி வழி போயிட்டுகூடத் திரும்பி வந்துடுவேன். வீட்ல கிண்டல் பண்றாங்க. அன்னிக்கு நான்தான் ஏதோ அணைக்காம உட்டிருக்கேன். நீங்க பாத்துச் சொன்னது தப்பாவா இருக்கும்?"

செய்யாத தவற்றைச் செய்ததாகவே அவர் நம்பிவிட்டார். அப்போதாவது நான் வாய் திறந்தேனா? ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சரிசெய்தேன். ஒரே திருப்பில் கிளம்பியது. "எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

ஏறுவதற்கு முன் அவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஒருமுறை... இரண்டாம் முறை... நான் குனிந்து அடுத்த காரின் பானட்டைத் திறந்தேன்.

வேறு எவரிடமும் அவர் வண்டியைக் கொடுப்பதில்லையாம். போன வாரமும் வந்திருந்தார். போன வாரமும் நான் சொல்லவில்லை.