இரவு தங்கக்கூடாத இறைச்சி

பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். ஜெர்மனியின் பால்டிக் கரை ஹோட்டல் ஒன்றில் பார்த்த கோப்பை கழுவும் வேலை அன்று காலையோடு முடிந்திருந்தது. டோர்ட்மண்டில் தெரிந்த அண்ணை ஒருவர் வீட்டில் படுக்கலாம் என்று எண்ணம். மழை தூறியது.

லுத்தரன் கோயில் வாசலில் ஒரு பெண் மறித்தாள். ஆர்மேனியர்கள் மாதம் ஒரு ஞாயிறு அந்தக் கோயிலை இரவல் வாங்கிப் பூசை வைப்பார்கள்.

‘நீங்கள் எங்கட ஆளில்லைத்தானே? அப்ப சாப்பிடுங்கோ,’ என்றாள், உடைந்த டொச் மொழியில்.

அவள் மகனுக்கு மறுநாள் காலை இருதய ஒப்பரேசன். அதற்காக ஆடு நேர்ந்து, பாதிரியார் ஆசீர்வதித்த உப்பை மட்டும் போட்டு அவித்திருந்தாள். மதாக் என்றாள். விற்கக்கூடாது. பிறத்தியாருக்குக் கொடுக்கவேண்டும். விடியும்வரை மிஞ்சக்கூடாது. நேர்த்திக்கடன் எனக்குத் தெரியாததா? ஆனால் மழைக்கு ஆட்கள் வரவில்லை. பானையில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. அவள் பானையைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக நின்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பானையோடு அவளை விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை.

அவள் கணவரும் நானும் பானையைக் கடற்கரைக்குத் தூக்கிப்போனோம். அவள் பாண் ரொட்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். ‘இலவசம், இலவசம்,’ என்றார் அவர். சனம் விலகி நடந்தது. ஒரு கிழவர், எந்தக் கட்சி என்று கேட்டார்.

அண்ணையின் அழைப்பு வந்தது. ‘எங்கை நிக்கிறாய்?’

‘அன்னதானம் குடுக்கிறன், அண்ணை.’

‘உனக்கே சாப்பாடில்லை. நல்ல வள்ளல்தான்.’

சுப்பர் மார்க்கெட்டில் சீஸைக் குச்சியில் குத்தி நீட்டுவது நினைவுக்கு வந்தது. இறைச்சியைச் சிறிதாக நறுக்கிப் பாண் துண்டில் வைத்து, ‘ருசி பாருங்கோ’ என்று டொச்சில் சொன்னேன். நின்றார்கள். அந்தக் கிழவர் மூன்று தரம் வந்தார்.

ருசி பார்த்தால் சாப்பிட்டதாகுமா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். விழுங்கினால் சரி என்றேன். எனக்கென்ன தெரியும்.

இருட்டுமுன் பானையின் அடி தெரிந்தது. கணவர், துறைமுகத்தில் தான் நடத்தும் பொரித்த மீன் கடையின் திறப்பை என்னிடம் தந்தார். ‘நாளைக்கு நாங்கள் ஆஸ்பத்திரியில. கடையைத் திறப்பியளோ? ஒப்பரேசன் முடிஞ்சதும் போன் எடுக்கிறன்.’

கடையின் பின்னறையிலேயே படுத்தேன். நித்திரை வரவில்லை.

காலையில் மீனுக்கு மாப் பிரட்டிப் பொரித்தேன். முதலில் வந்தது அதே கிழவர்தான். இன்றைக்கும் ருசி பார்க்க ஏதும் உண்டா என்றார். ஒரு துண்டை நீட்டினேன். உப்புத் தகரப் பேணிக்குப் பக்கத்தில் வைத்த போன் இன்னும் அடிக்கவில்லை.