ஊக்கு குத்திய அத்தியாயம்

என் ஆட்டோவின் முன்பெட்டியில் ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. அதன் கடைசி அத்தியாயத்துத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து ஊக்கு குத்தியிருக்கும். புடவைக்குக் குத்துகிற சாதாரண ஊக்குதான். குத்தியவர் டீச்சர்.

அவர் ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சனிக்கிழமைதோறும் கே.கே. நகரில் இருக்கும் தங்கையைப் பார்க்க என் வண்டியில்தான் போவார். பெருமாளைச் சேவித்துவிட்டு, கையில் துளசியோடு வந்து ஏறுவார். பைக்குள் ஒரு கொலைக் கதை இருக்கும். எல்லாம் சுவீடன், நார்வே நாட்டுக் கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்பு. "அங்கெல்லாம் மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிடும். பாவம், கொலை பண்ணாம வேற என்னதான் பண்ணுவா?" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஒருநாள் இந்தப் புத்தகத்தை நீட்டி, "சவாரிக்குக் காத்திண்டிருக்கறப்போ படிங்கோ. வாரா வாரம் எனக்குக் கதை சொல்லணும்" என்றார். கடைசி அத்தியாயத்தில் ஏன் ஊக்கு என்று கேட்டேன். "முடிவு தெரிஞ்சுட்டா நடுவுல அவன் படற பாட்டை மதிக்க மாட்டோம். நீங்க மத்ததைச் சொல்லி முடிங்கோ, நானே எடுத்து விடறேன்."

எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே நான் பேசிய மொத்தம் இரண்டு வார்த்தை. ஆனால் சாலையைப் பார்த்தபடி பின்னால் இருப்பவரிடம் கதை சொல்வது எளிதாக இருந்தது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றால்கூட அந்த நாட்களில் எனக்கு அலுப்பு வந்ததில்லை. கதையில் வருகிறவன் துறைமுகக் கூலி. கடத்தல் கும்பலுக்குள் இருந்துகொண்டே போலீசுக்குத் தகவல் சொல்கிறவன். அவன் பெயர் எங்கள் இருவர் வாயிலும் நுழையாததால் 'படகுக்காரன்' என்று வைத்துக்கொண்டோம். மாட்டிக்கொண்டால் நீ யாரென்றே எங்களுக்குத் தெரியாது என்று போலீஸ் முதலிலேயே சொல்லிவிடுகிறது. பனியில் நின்று தகவல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மகள்களுக்குத் தலை வாரிவிடுவான். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த மாதத்தில்தான் எங்கள் ஸ்டாண்டில் போலீஸ் வந்தது. நேராக ஒரு வண்டிக்குப் போய் சீட்டைத் தூக்கினார்கள். அடியில் தடை செய்த லாட்டரிச் சீட்டுகள். வண்டியையும் ஆளையும் கொண்டுபோய்விட்டார்கள். போட்டுக் கொடுத்தவன் யார் என்ற பேச்சு சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து நின்றது.

"இவன் வாயைத் தொறக்க மாட்டான், காதை மட்டும் தொறந்து வச்சிருப்பான். படிக்கறதும் போலீஸ் கதை. வேற யாருங்கறேன்?" என்றார் தலைவர். ஸ்டாண்டில் மூத்தவர் என்பதால் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இன்னொருவர், "ஏட்டய்யா, எங்களுக்கும் ஒரு தொப்பி வாங்கிக் குடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து வேற ஸ்டாண்டு பாத்துக்கப்பா" என்றார்.

பதினெட்டு வருடமாக நின்ற இடம். என் சோறு அது. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், கிளம்பத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்ததும், எதிரே சாலையைப் பார்த்ததும், பேச்சு தானாக வந்தது. "போட்டுக் குடுக்கறவன் கதைதாங்க இது. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, போறேன்."

சொன்னேன். பனியை, படகுத்துறையை, அவன் பயத்தை, தலை வாருகிற கையை. இரண்டு பேர் சவாரிக்கு வந்து கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் மட்டும், "புள்ளைங்க எத்தனைன்னே?" என்று நடுவில் கேட்டார்.

"ரெண்டும் பொண்ணுங்க."

"ம்."

ஊக்கு இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். பின்னாலிருந்து, எங்கள் ஸ்டாண்டிலேயே வண்டி ஓட்டும் முசிறிக்காரர் கேட்டார்: "அவன் பொழச்சானா அண்ணே?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கையிலிருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. லாட்டரியில் தம்பி வீட்டை இழந்ததை அவர் என்னிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"பொழச்சுட்டான்" என்றேன். "அதே ஊருல குடும்பத்தோட இருக்கான். அவன்தான்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியலை."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இவ்வளவு பேச்சை எங்கய்யா பூட்டி வச்சிருந்தே? சரி சரி, சவாரி நிக்குது பாரு, எடு" என்றார். பிறகு யார் என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். முடிவு தெரிந்தவர் அவர். பாலம் தாண்டும் வரை கையிலிருந்த துளசியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொன்னபடியே இருக்கட்டும். ஊக்கை எடுக்க வேண்டாம்" என்றார். புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேசும்போது, வேறு என்ன படிக்கிறேன் என்றுதான் கேட்பார். நானும் விடாமல் படிக்கிறேன். அந்த நாட்டுக் கதைகளில் ஏழெட்டு முடித்துவிட்டேன்.

போன வாரம் முசிறிக்காரர் தீப்பெட்டி தேடி என் முன்பெட்டியைத் திறந்தார். புத்தகம் கையில் வந்தது. புரட்டினார். ஊக்கில் வந்து விரல் நின்றது. துருவேறி, தாளில் பழுப்புக் கறை விட்டிருந்த ஊக்கு.

"இது ஒரு தடவைகூடப் பிரிக்கலை போலிருக்கே" என்றார். "அன்னிக்குப் பொழச்சுட்டான்னீங்க?"

"ஆமா. பொழச்சுட்டான்ல?"

வெகு நேரம் என்னையே பார்த்தார். முதல்முறையாக நானும் ஒருவர் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அவர் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியைச் சாத்தினார்.

"வாங்கண்ணே, டீ குடிக்கலாம்" என்றார்.