உப்பிய ஓடுகள்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் தெரு வைத்த பெயர் சாம்பல். அனல் மின் நிலையத்துச் சாம்பல், உடைந்த பாட்டில், கல் பட்டறையின் சேறு என்று மற்றவர்கள் கொட்ட இடம் தேடுவதையெல்லாம் அவர் கும்பிட்டு வாங்கி வருவார். பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, அச்சில் அழுத்தி, வீட்டுக்குப் பின்னால் கட்டிய சூளையில் சுட்டுத் தரை ஓடாக எடுப்பார். ஓடு நன்றாகவே இருக்கும். அக்காதான் ஒன்றைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை.

"குப்பைக்கெல்லாம் நம்ம வீடு என்ன மாமியார் வீடா?" என்பாள்.

அவர்கள் மகள் நர்ஸ். இரவு டூட்டி. பகலில் அவள் தூங்க இருந்த ஒரே அறை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. வெயில் ஏறினால் அங்கே ரொட்டி சுடலாம். டூட்டியில் இரண்டு முறை தூங்கி வழிந்து மாட்டிக்கொண்டாள். இன்னொரு முறை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். வீட்டில்தான் தூங்க முடியவில்லை என்று அவர்களிடம் யார் சொல்வது?

அந்தச் சமயம் பார்த்து ஒரு சூளை கெட்டது. தட்டையாக வரவேண்டிய ஓடுகள் பல்வலிக் கன்னம்போல் உப்பி, உள்ளே ஓட்டை ஓட்டையாகக் கிடந்தன. அத்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வெந்நீர்ப் பானையோடு அந்தப் பக்கம் வந்த அக்கா, கை தாங்காமல் அதை ஓர் ஓட்டின்மேல் வைத்தாள். பிறகு ஓட்டின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைத் தேடினாள். சாயங்காலத்துக்குள் தகரத்தில் பாதி மூடியாயிற்று.

பாதிதான். மகள் கட்டிலை எந்த மூலைக்குத் தள்ளினாலும் மீதிப் பாதியின் சூடு தேடி வந்தது.

"இன்னொரு சூளை இதே மாதிரி கெடுத்துக் குடுங்க," என்றாள் அக்கா.

அத்தானால் முடியவில்லை. தீயைக் கூட்டினார், குறைத்தார், கண்ணாடித் தூளை அள்ளிப் போட்டார். ஓடுகள் வழவழவென்று வந்தன. அவ்வளவு நல்ல ஓடு அவர் ஜென்மத்தில் சுட்டதில்லை.

"ஒரு காரியத்தக் கெடுக்கக்கூடத் துப்பில்லையா?" என்றாள் அக்கா. எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில், சேற்றில்தான் ஏதோ மாறியிருக்கும் என்று நான்தான் அவரைக் கல் பட்டறைக்கு இழுத்துப் போனேன். அங்கே சேற்றுக் குழி இரண்டு. ஒன்றில் கல் அறுக்கும் சேறு. மற்றதில் பாலிஷ் போடும் சேறு; தேய்க்கும் கல்லின் பொடியும் அதில் கலந்திருக்கும். சூளைச் சூட்டில் பொங்குவது அந்தப் பொடிதான்.

"போன தடவ பசங்க குழி மாத்தி அள்ளிட்டாங்க. மன்னிச்சுக்குங்க, அதுக்கப்புறம் நல்லதாத்தான் அனுப்பறேன்," என்றார் மேஸ்திரி.

"எனக்குக் கெட்டதே குடுங்கய்யா," என்றார் அத்தான். கும்பிட்டே விட்டார்.

அடுத்த சூளை அருமையாகக் கெட்டது. கூரை முழுக்க மூடினோம்.

மறுநாள் டூட்டி முடிந்து வந்து படுத்த மகள், இருட்டியும் எழவில்லை. மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

"தூங்கறா," என்று சொல்லி வைத்துவிட்டாள் அக்கா. "எத்தன மாசமாச்சு, எம் பொண்ணு இப்படித் தூங்கி," என்று படியில் உட்கார்ந்து அழுதாள்.

"வேலை போயிடும், எழுப்பறேன்," என்று அத்தான் தடதடவென்று மாடி ஏறினார். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அதே கதவை மெல்லச் சாத்தும் சத்தம். இறங்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.