ஸ்க்ரூ அக்காவும் நான் தூக்கிக் கொடுத்த பெட்டியும்

என் மனைவியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஸ்க்ரூ அக்கா' என்றால்தான் தெரியும். எனக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோ, "உங்களை ஊசின்னு கூப்பிடாம விட்டாங்களே, அதுக்கு சந்தோஷப்படுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தையல்காரன்.

பதினோரு வருடங்களுக்கு முன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் ரசீது எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த பொருள் என்ன, அதன் நம்பர் என்ன, கொண்டுவந்தவர் சொன்ன குறை என்ன, அவ்வளவுதான் எழுத வேண்டும். 'ஆன் ஆகவில்லை' என்று ஒரே நாளில் பத்து முறை எழுதி அலுத்துப்போய், ஏன்தான் ஆகவில்லை என்று பின்னால் இருந்த பழுது பார்க்கும் மேஜையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றரை வருடத்தில் அவளை அந்த மேஜைக்கு மாற்றி, ரசீது எழுத வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் அதன் படத்தை வரைவாள். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதனதன் இடத்திலேயே டேப் போட்டு ஒட்டுவாள். ஓரத்தில் பாகங்களின் நம்பர்களை எழுதுவாள். மற்றவர்கள் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு மூடியில் கொட்டி வைத்துவிட்டு, கடைசியில் மூன்று மிச்சமானதும் திருதிருவென்று விழிப்பார்கள். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

நான் மருத்துவமனைக்குத் தைப்பவன். தீக்காயம் ஆறிய பிறகு தழும்பு தடித்துப்போகாமல் இருக்க, உடம்போடு இறுகப் பிடிக்கும் உடை ஒன்று உண்டு. சில மாதங்களில் துணி தளர்ந்துவிடும், மறுபடி தைக்க வேண்டும். ஒரு கைக்கு மட்டும் இருபத்தேழு அளவுகள். அளவு டேப் பட்டாலே காயம் பட்டவர்கள் சுருங்கிவிடுவார்கள், வலியில் பாதி, கூச்சத்தில் பாதி. பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கு இடது கையும் கழுத்தும். அளவெடுக்க நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் சுவரைப் பார்த்தபடியே நின்றார். முடிந்ததும், "இனிமே இப்படி நிக்க வேண்டாம்ல?" என்று கேட்டார். "இதுதான் கடைசி டீச்சர், அளவு என்கிட்ட பத்திரமா இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் அளவுகளை, மனைவி அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். இடத்தை அடைக்கிற எதைக் கண்டாலும் எனக்கு ஆகாது. "ஒரு காப்பி எடுத்து இதுல வைங்க" என்று அவள் ஒரு பென் டிரைவ் கொடுத்தாள். அதை உறைகூடப் பிரிக்காமல் ஊசி டப்பாவில் போட்டு வைத்தேன். நாளைக்குச் செய்கிறேன் என்று எட்டு மாதமாகச் சொல்லிவந்தேன்.

சனிக்கிழமை மதியம் எங்கள் முன்னறையில் அவள் வகுப்பு எடுப்பாள். மாடி வீட்டு அத்தையில் தொடங்கி ஏழெட்டுப் பேர் வருவார்கள். நடுவில் திறந்துபோட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று. பாடத்துக்கு உதாரணம் வேறு யார், நான்தான்.

"எங்க வீட்டுக்காரர்தான் பிராசஸர். வேலை முழுக்க அவர் கையிலதான் நடக்கும். வெட்டுற மேஜை இருக்கு பாருங்க, அது ரேம். இப்ப கையில எடுத்திருக்கிற வேலையை அதுல பரப்பி வச்சுக்குவார். மேஜை சின்னதா இருந்தா நாலு துணியை ஒண்ணா விரிக்க முடியாது, வேலை இழுக்கும். கரண்டு போச்சுன்னா மேஜையைத் துடைச்சு விட்ட மாதிரிதான், ஒண்ணும் மிஞ்சாது. தைச்சு மடிச்சு வைக்கிற அலமாரிதான் ஹார்ட் டிஸ்க். கரண்டு போனாலும் வச்சது வச்ச இடத்துல இருக்கும்."

"போன்ல?" என்று மாடி வீட்டு அத்தை கேட்டார்.

"அதே கதைதான் அத்தை. மேஜை, அலமாரி, ஆள் எல்லாத்தையும் உள்ளங்கை அளவு ஒரு போர்டுல அடக்கியிருக்காங்க. ஒரு பேட்டரியும் சேர்த்து."

"அப்ப இந்தத் திரை?"

"துணி போட்டுப் பாக்குற கண்ணாடி. உடைஞ்சா வேற மாட்டிக்கலாம், சட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

உள்ளறையில் காலர் வைத்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. என்னை வைத்து ஊரைச் சிரிக்க வைக்கிறாள் என்றுதான் நினைத்தேனே தவிர, ஒரு வார்த்தையும் மண்டைக்குள் இறங்கவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது, பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பதில் வேகமான பெட்டி தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வண்டியில் வந்தார். என் கம்ப்யூட்டர் சில நாட்களாக ஆமைபோல ஊர்ந்துகொண்டிருந்தது. திரையைப் பக்குவமாகக் கழற்றி, பருத்தித் துணியில் சுற்றி, பரணில் வைத்தேன். அளவெல்லாம் அதில்தானே தெரிகிறது, அது என் சொத்து. கீழே இருக்கும் பெட்டி கரண்டு கொடுப்பதற்கு என்பது என் எண்ணம்.

"உள்ள எதுவும் வேணுமாண்ணே?" என்று அவர் கேட்கவும் செய்தார்.

"உள்ள என்ன இருக்கு, தூசிதான்" என்றேன் பெரிய மனுஷன் மாதிரி.

புதுப் பெட்டியில் திரையை மாட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பதற்றத்தில் எனக்கு எப்போதும் கை முந்திக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை உடைக்கு வருவதாக இருந்த டீச்சருக்கு போன் போட்டு, மறுபடி அளவெடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டேன். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

மனைவி வந்து பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடியைப் பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டு, அலமாரியைத் தூக்கிக் கொடுத்திருக்கீங்க."

அப்போதுதான் புரிந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. போய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பெட்டி எடுத்துப்போனவர் கொடுத்திருந்த விலாசத்தைத் தேடி அவர் கிடங்குக்குப் போனோம். எல்லாம் ஒரே கறுப்பில் அறுபது எழுபது பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூன்றாவது வரிசையில் என் பெட்டியை நான்தான் கண்டுபிடித்தேன். காற்று போகும் ஓட்டையில் தூசி அடையாமலிருக்க, அவள் கேட்டாளென்று நான் வலைத்துணியில் தைத்துக் கொடுத்த மூடி இருந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? ஆனால் பெட்டி திறந்து கிடந்தது.

"அதுல இருந்த ரேமை நேத்தே கழட்டி ஒருத்தருக்குக் கொடுத்துட்டேனேக்கா" என்றார் கிடங்குக்காரர்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது.

"எழுந்திரிங்க. அது வெட்டுற மேஜை. போனா போகட்டும்" என்றாள் அவள். பிறகு பெட்டிக்குள் கைவிட்டுத் தடவினாள். நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள் காலியாக இருந்தன. "டிஸ்க் எங்க தம்பி?"

அவர் ஒரு கூடையைக் காட்டினார். அச்சடித்தாற்போல ஒரே மாதிரி முப்பதுக்கு மேல் கிடந்தன. "மத்தியானம் எல்லாத்தையும் அழிச்சிடுவேன்க்கா. அடுத்தவங்க வீட்டு விஷயம் நம்மகிட்ட இருக்கக் கூடாதுல்ல."

நியாயமான மனிதர், அந்த நேரத்தில் எனக்கு எமனாகத் தெரிந்தார்.

என் மனைவி கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். எங்கள் பெட்டியை முதலில் திறந்த அன்று வரைந்த படம். ஓரத்தில் ஹார்ட் டிஸ்கின் நம்பர், ரசீது எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில். அவள் நம்பரைப் படிக்க, நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டாவது டிஸ்கில் கடைசி எண் வரைக்கும் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அதைப் புதுப் பெட்டியில் இன்னோர் அலமாரியாக மாட்டினாள். பட்டியல் திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். டீச்சரின் கைக்கான இருபத்தேழு அளவுகளையும் விரல் வைத்து எண்ணினேன். அவள் கையை நீட்டினாள். நான் ஊசி டப்பாவைத் திறந்து பென் டிரைவை எடுத்து அதில் வைத்தேன்.

டீச்சரிடம் சொல்லலாம் என்றால் போன் போகவில்லை. நான்கு நாள் விடாமல் அடித்தேன், அணைந்தே கிடந்தது. நடுவில் சனிக்கிழமை வந்தது. கண்ணாடி கதையை அவள் முழுசாகச் சொல்ல, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இந்த முறை நானும் பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் வந்தார். "போன்ல நாலு நாளா சார்ஜே ஏறலை" என்று என் மனைவியிடம் கொடுத்தார். நான் உதவியாக ஊசியை நீட்டினேன். "ஊசியெல்லாம் விட்டா உள்ள இருக்கிற கம்பி போயிடும், சும்மா இருங்க" என்று என்னை அடக்கிவிட்டு, அவள் ஒரு பல்குச்சியால் சார்ஜ் போடும் துளையிலிருந்து பஞ்சை மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது டீச்சர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இடது கைச் சட்டையைத் தோள் வரை ஏற்றியிருந்தார்.

"வேண்டாம் டீச்சர்" என்றேன். "அளவு கிடைச்சிடுச்சு. எல்லாம் இருக்கு."

அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் யார் கண்ணிலும் படாத தோல் நிறத் துணியைத்தான் கேட்பார். அன்று அலமாரியை நிமிர்ந்து பார்த்து, "நீலத்துல இருக்கா?" என்று கேட்டார்.