ராணி கலர்ப் பூநாரை

பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது பசை கரைந்து எழும் அந்த அழுகிய "கவுச்சி", இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஓரிக்கையில் எங்கள் தோட்டத்து வேலியை ஒட்டிச் சாயப்பட்டறையின் கால்வாய் ஓடியது. பசைத்தண்ணீரும் சாயத்தண்ணீரும் அதன் வழியே போய் வேலிக்கு அப்பால் இருந்த குட்டையில் விழும். ஐப்பசியில் மழை பிடித்ததும் உள்ளானும் கிளுவையும் கொக்கும், வேறு இடமே கிடைக்காததுபோல், அந்தச் சாக்கடையில்தான் வந்து இறங்கும். முகூர்த்தப் புடவைகளுக்குப் பட்டறை ஓயாமல் ஓடும் காலமும் அதுதான் என்பதால், பறவை கூடக் கூட நாற்றமும் கூடும்.

ஏழாவது படித்த நான் அவற்றை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். பள்ளியில் பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போய், உப்பங்கழியில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. ஒருநாள் காலை எங்கள் கத்தரிப் பாத்தியில், அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலில் ஒரு ரோஜா நிறப் பறவை நின்றது. "பூநாரை! நம்ம தோட்டத்துல பூநாரை வந்திருக்குது!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டு வந்து வாயைப் பிளந்தது.

"நைனா" என்று நான் கூப்பிடும் என் அப்பாவுக்குப் பட்டறையில் சாயம் போடும் வேலை; மாதிரி நூலை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாலேயே நிறத்தைச் சொல்லிவிடுவார். பறவையையும் அப்படித்தான் பார்த்தார். கூட்டம் கலைந்த பிறகு மெல்லச் சொன்னார்: "பூநாரை இல்லமா, கொக்கு. நேத்து நான் தொறந்து வுட்ட ராணி கலரு. பட்டப் புடிக்கிற சாயம் எறக வுடுமா?"

எங்கள் ஊரில் அடர்ந்த ரோஜா நிறத்துக்கு "ராணி" என்று பெயர். கொக்கு தலையைத் தூக்கியபோது நேரான மஞ்சள் அலகு தெரிந்தது. ரோஜா நிறத்தில் நுரை கக்கியது. மத்தியானம் செத்துப்போய், கண்ணில் எறும்பு மொய்க்கக் கிடந்தது. எல்லோரிடமும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"வெளிய சொல்லிடாதமா. பட்டறைய மூடிட்டா நாம எங்க போறது? பூநாரைனே இருக்கட்டும்" என்றவர், அதை அங்கேயே புதைத்துவிட்டு வந்து, நகக்கண்ணெல்லாம் ராணி நிறமாக இருந்த அதே கையால் சோறு பிசைந்தார். நான் அருவருப்பில் தட்டைத் தள்ளி வைத்தேன். ஆனால் மறுநாள் பள்ளிப் பிரார்த்தனையில் டீச்சர் என்னை முன்னால் நிறுத்தி, பூநாரையைக் கண்டவள் என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னபோது, நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால்தான் இன்னும் அதிகமாகக் குமட்டுகிறது.

இப்போது குட்டை இருந்த இடத்தில் கல்யாண மண்டபத்தின் கார்கள் நிற்கின்றன. பட்டறை போய்விட்டது, நைனாவும் போய்விட்டார். உள்ளான்கள் வருவதே இல்லை. போன ஐப்பசியில் பறவைக் கணக்கெடுக்க ஏனாத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, இங்க முன்னாடி ஃபிளமிங்கோ வந்துச்சாமே? நீங்கதான் பாத்தீங்களாமே?" என்று ஆசையோடு கேட்டாள். மூடுவதற்குப் பட்டறையும் இல்லை, காப்பாற்ற அப்பாவும் இல்லை.

"ஆமாமா, நான்தான் பாத்தேன்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.