வலப்பக்கம் படுத்த இரவு

2023.02.11 – லொறி முன்பக்கத் திருத்தம், ரூ. 86,500
2023.03.06 – நித்திரைப் பரிசோதனை, ரூ. 18,000
2023.03.14 – மறுபரிசோதனை, கட்டணம் இல்லை
2023.04.03 – மூச்சு மெஷின், ரூ. 285,000

ஆலங்குடா லொறிச் சாரதி ஜபாரின் ஐம்பத்திரண்டாவது வயதுக்குரிய கணக்கு இது. 1990இல் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு, வெறுங்கையோடு புத்தளத்துக்கு வந்த குடும்பமொன்றின் மூத்த பிள்ளை. அவருடைய வாப்பாவும் லொறி ஓட்டியவர் என்று சிலர் சொல்வது பிழை. அவர் சங்கு குளித்தவர். ஜபார் முதலில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றார். பிறகு செய்னுலாப்தீன் முதலாளியின் லொறியில் மூட்டை ஏற்றினார். 1997இலிருந்து அதை ஓட்டினார். ஜபார் ஏற்றிய மரக்கறி விடியுமுன் கொழும்புச் சந்தையில் இருக்கும் என்பதில் வியாபாரிகளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

பெப்ரவரியில் ஓர் அதிகாலை, முந்தலுக்கு அருகே நேரான வீதியில் லொறி மதகில் மோதியது. ஆளுக்குக் காயமில்லை. பிரேக் பிடித்த அடையாளமும் இல்லை.

"கண்ண மூடல்ல முதலாளி" என்றார் ஜபார்.

"கண்ணத் திறந்துகொண்டு மதகுல ஏத்தினா அது இன்னும் மோசம்" என்று செய்னுலாப்தீன் லொறித் திறப்பை வாங்கிக்கொண்டார். ஓட்டலாம் என்று டொக்டர் கடிதம் தந்தால் லொறி திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் வேறு சாரதி.

புத்தளத்து டொக்டர் குறட்டை பற்றிக் கேட்டபோது மனைவி ஸுல்பிகா முந்திக்கொண்டார். "இவர் படுத்தா பக்கத்து ஊட்டுக் கோழியும் எழும்பும் டொக்டர். இடைக்கிட மூச்சே இருக்காது. பிறகு திடுக்கிட்டு இழுப்பார்."

நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கும் நோயாக இருக்கலாம், அதுதான் பகலில் கண்ணைச் செருக வைக்கும் என்றார் டொக்டர். கொழும்பு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கத் தேவையில்லை, கருவி வீட்டுக்கே வரும்.

கூரியரில் வந்தது சவர்க்காரப் பெட்டி அளவு கருவி. நெஞ்சில் பட்டி, மூக்கடியில் மெல்லிய குழாய், விரலில் கவ்வி. காலையில் பதிவு போன் வழியாகக் கொழும்பிலுள்ள டொக்டர் நிலானிக்குப் போனது. அவர் வீடியோவில் பேசினார்.

"மணித்தியாலத்துக்கு நாலு தரம்தான் மூச்சு தடைப்பட்டிருக்கு. பெரிய பிரச்சினை இல்ல. ஆனா இரவு முழுக்க வலப்பக்கமாவே படுத்திருக்கிறீங்க. ஒருக்காக்கூடத் திரும்பல்ல."

"அது நபிவழி டொக்டர். சுன்னத்து."

"நல்லது. ஒவ்வொரு நாளுமா?"

ஓம் என்று சொன்னால் போதும், கடிதம் அன்றே கிடைத்துவிடும்.

"அண்டைக்கு மட்டும்தான்."

"ஏன் அண்டைக்கு மட்டும்?"

"நீங்க பாக்கிறீங்க எண்டு நெனச்சன்."

பின்னால் நின்ற ஸுல்பிகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திரும்பாம முதுகுக்குத் தலகாணி வச்சது நான் டொக்டர். மத்த நாள்ல மல்லாக்கத்தான். வாயும் திறந்திருக்கும்."

"மெஷினுக்கு மரியாதை தேவையில்ல நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் டொக்டர் நிலானி. "பக்கமாப் படுத்தா தொண்டை அடைபடுறது குறையும். வழமைபோல படுங்க. திரும்ப ஒருக்காப் பாப்பம்."

மல்லாந்து படுத்த இரண்டாம் இரவில் மணித்தியாலத்துக்கு முப்பத்தெட்டுத் தரம் மூச்சு தடைப்பட்டிருந்தது. நோய் உறுதியானது. முகமூடி வழியாகக் காற்றுச் செலுத்தும் மெஷினோடு மூன்று மாதம் ஒழுங்காக உறங்கிக் காட்டினால்தான் கடிதம்.

"முதல் ரிப்போட்டக் கொண்டு வந்திருந்தா அண்டைக்கே திறப்பத் தந்திருப்பனே, மடயன்" என்றார் செய்னுலாப்தீன்.

"தெரியும் முதலாளி. எதிர்ல வாற பஸ்ஸுக்கு ரிப்போட்டக் காட்ட ஏலுமா?"

முதலாளி புதிய சாரதியைத் தற்காலிகமாகவே வைத்தார். ஜபாரை மரக்கறி நிறுக்கும் இடத்தில் நிறுத்தினார்.

மெஷினுக்கான பணத்தைக் கட்டாரிலிருந்து மகள் நஸ்லா அனுப்பினார். முதல் வாரம் ஜபார் முகமூடியைக் கழற்றிக் கழற்றி எறிந்தார். பழகியபின் கஷ்டம் ஸுல்பிகாவுக்கு வந்தது. "சத்தமே இல்ல. மௌத்தாகிட்டாரோ எண்டு மூக்கடியில கை வச்சுப் பாத்தன்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் தூங்கி விழுந்தவர், மே மாதத்தில் பிரசங்கம் முழுவதையும் வீட்டில் திருப்பிச் சொன்னார். ஸுல்பிகா அதற்கும் குறை சொன்னார்.

ஒவ்வோர் இரவின் பதிவையும் மெஷினே டொக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஜபார் பாரவண்டி ஓட்டத் தகுதியானவர் என்று டொக்டர் நிலானி கையொப்பமிட்ட கடிதம் 2023 ஜூலை 12ஆம் திகதி ஆலங்குடாவுக்கு வந்து சேர்ந்தது.